பெற்றோலுக்குப் பின்: மடிப்பு மின்சைக்கிள் யாருக்கு, எப்படி?

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தலில் விற்கும் பொருளாகிவிட்டது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, டீசலும் இருந்தது, ரோச் லைற்றுக்குப் போடும் பற்றரியும் இருந்தது. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது வயதானவர்களும் அரிசி மூட்டைகளும் சைக்கிள் கரியரில்தான் வந்தார்கள். 2009 இல் வன்னியில் கடைசி வரை உருண்டதும் சைக்கிள்தான்.

தெற்கில் இருந்தவர்களுக்கு இந்த அனுபவம் 2022 இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 26 ஆம் திகதி 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் ஆனது. மறுநாள் நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அதன் பின் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. ஆரம்பத்தில் ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர். கொழும்பில் சைக்கிள் விலை தாறுமாறாக ஏறியதைப் பத்திரிகைகள் பெரிய செய்தியாக எழுதின. எங்கள் ஊர்களில் பலர் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பழைய றலியையும் லுமாலாவையும் இறக்கி, தூசு தட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு போனார்கள்.

இந்தப் பின்னணியில்தான் மின்சார வாகனம் பற்றி இன்று நடக்கும் பேச்சைப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பிறகு தொலைக்காட்சி விவாதமும் வரிக் கணக்கும் விளம்பரமும் மின்சாரக் காரைச் சுற்றியே நடக்கின்றன. ஒரு மின்சாரக் காரின் விலையில் ஒரு கிராமத்தின் பாதிப் பேருக்கு மின்சைக்கிள் வாங்கலாம். ஆனாலும் அந்தச் சிறிய வாகனம் பற்றி, அதிலும் மடித்துத் தூக்கிச் செல்லக்கூடிய வகை பற்றி, தமிழில் பயனுள்ள தகவல் மிகக் குறைவு. இருப்பதும் விற்பவர்கள் சொல்வதுதான். கடந்த ஆண்டு என் அக்காவுக்கு அப்படியொன்றைத் தேடி அலைந்ததில் கற்றதையும், அதன் வழியாக எழும் சில பெரிய கேள்விகளையும் இங்கே எழுதுகிறேன்.

யாருடைய தேவை இது?

அக்காவுக்கு 2009 இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. செயற்கைக் காலுடன் நடப்பார். கிராமத்துச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறார். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு நான்கு கிலோமீற்றர், அதில் பாதி கிரவல். பஸ் பிரதான வீதியில்தான் வரும். செயற்கைக் காலின் உறை இறுகினாலோ தளர்ந்தாலோ யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டும். சாதாரண சைக்கிளை அவர் முன்பு ஓட்டியிருக்கிறார். ஆனால் எதிர்க்காற்றிலும் மணலிலும் மிதிக்கும்போது வெட்டப்பட்ட காலின் நுனி உரசிப் புண்ணாகும். முச்சக்கரவண்டி தினமும் பிடிக்கக் கட்டாது. மோட்டார் சைக்கிளின் எடையை ஒற்றைக் காலில் தாங்கி நிறுத்துவது அவருக்குப் பயம்.

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இது தனிக்கதை அல்ல. உடலுக்குள் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள், முழங்கால் தேய்ந்த தாய்மார், கணவர் இல்லாமல் வீட்டையும் வேலையையும் தனியே சுமக்கும் பெண்கள், நீண்ட தூரம் போய்வரும் முன்பள்ளி ஆசிரியைகள் என்று ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கிறார்கள். மீள்குடியேற்றத்தில் வீடு கிடைத்தது, பல இடங்களில் வீதியும் கிடைத்தது. ஆனால் வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கான மூன்று நான்கு கிலோமீற்றரை யாரும் திட்டத்தில் எழுதவில்லை. மருத்துவமனைக்குப் போகாமல் விடுவதும், வேலையை விடுவதும், பிள்ளையை மாலை வகுப்புக்கு அனுப்பாமல் விடுவதும் அந்த நான்கு கிலோமீற்றரில்தான் முடிவாகின்றன.

மடிப்பு வகை ஏன்? மூன்று காரணங்கள். ஒன்று, இரவில் வீட்டுக்குள் வைக்கலாம். களவும் மழையும் இல்லை. இரண்டு, ஹயஸ் வானிலோ, உறவினரின் காரிலோ, முச்சக்கரவண்டியின் பின்னிருக்கையிலோ ஏற்றலாம். குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும் ஆசிரியர்களுக்கும் தாதியருக்கும் இது பெரிய வசதி. மூன்று, மடிப்புச் சைக்கிள்களின் நடுச்சட்டகம் தாழ்வானது. சேலையோடும் செயற்கைக் காலோடும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். விற்பனைப் பிரசுரங்களில் இந்த மூன்றாவது காரணத்தை நான் காணவில்லை. அக்காவுக்கு முதற் காரணம் அதுதான்.

எமது நிலத்துக்கு ஏற்ற தெரிவு

இணையத்தில் வரும் ஆங்கில விமர்சனங்கள் ஐரோப்பிய நகரங்களையும் மலைப்பாதைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் எமக்குத் தேவையற்றதற்குக் காசு கொடுப்போம்.

முதலில் மோட்டர். ஐரோப்பிய விதி 250 வோட் தொடர்வலு, 25 கிலோமீற்றர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும் என்கிறது. யாழ்ப்பாணமும் வன்னியும் சமதரை. இங்கே 250 வோட் சக்கர மோட்டர் தாராளம். பெடல் அச்சில் பொருத்தும் விலையுயர்ந்த மோட்டர் மலைநாட்டுக்கு உதவும், எமக்கு வேண்டாம். ஏழு கியரும் வேண்டாம். கியர் குறைந்தால் பழுதும் குறையும்.

அடுத்தது உணரி. மிதிக்கும் அழுத்தத்தை அளந்து அதற்கேற்ப உதவும் உணரியே சிறந்தது என்று எல்லா விமர்சனங்களும் சொல்லும். நல்ல கால் உள்ளவருக்கு அது சரி. காலில் வலு இல்லாதவருக்கு அது எதிர்மாறாக வேலை செய்யும்: அழுத்தினால்தானே உதவி வரும்? பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் மலிவான உணரி, மெல்ல மிதித்தாலும் மோட்டரை ஓடவிடும். அக்காவுக்கு அதுதான் பொருந்தியது. ஆனால் அது தொடக்கத்தில் சற்றுத் திடீரென்று இழுக்கும். ஆகவே பிறேக் பிடித்தவுடன் மோட்டர் நிற்கும் அமைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கடையிலேயே பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைச் சுற்றி, பிறேக்கைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சக்கரம் 20 அங்குலம் நல்லது. 14, 16 அங்குலச் சக்கரம் பையில் போடுமளவு சிறிதாக மடியும். ஆனால் எங்கள் வீதிக் குழிக்குள் அதைவிட வேகமாக இறங்கும். நான்கு அங்குல அகல ரயர் போட்ட வகை மணலில் நன்றாகப் போகும்; ஆனால் சைக்கிள் 30 கிலோவைத் தொடும், அதை ஒருவர் காருக்குள் தூக்க முடியாது. 20 அங்குலத்தில் இரண்டு அங்குலம் அளவு அகலமான ரயர் நடுவழி. இன்னொரு நன்மை, 20 அங்குல ரயரும் ரியூப்பும் சிறுவர் சைக்கிளுக்குப் போடுபவை. எந்தக் கிராமத்துச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

மடிப்பு மூட்டுத்தான் இந்த வண்டியின் உயிர்நிலை. 2022 ஏப்ரலில் ஃபைடோ என்ற சீன நிறுவனம் தனது எக்ஸ் மாதிரிச் சைக்கிள்களைத் திருப்பி அழைத்தது. சட்டகம் மடிப்புப் பகுதிக்கு அருகே முறிந்ததே காரணம். பெயர் பெற்ற நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால் பெயர் இல்லாத வண்டியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பூட்டைப் பூட்டிய பின் கைபிடியையும் இருக்கையையும் பிடித்து எதிர்எதிராக அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. பூட்டுக்கு இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி இருக்க வேண்டும். ஓட்டத் தொடங்கிய பின்னும் மாதம் ஒருமுறை மூட்டின் ஓரத்தில் வர்ணம் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். மயிர்போன்ற கோடு கண்டால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் கேளுங்கள். 120 கிலோ என்றால் ஓட்டுபவர், சாமான், பை எல்லாம் சேர்த்துத்தான் 120. கரியருக்குத் தனி எல்லை உண்டு. அரிசி மூட்டைக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் அதில் இடமில்லை.

தூரக் கணக்கு

யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் நின்றபோது நடந்த உரையாடல் இது.

"அண்ணை, ஒருக்கா சார்ஜ் போட்டா எவ்வளவு ஓடும்?"

"அறுபது, எழுபது ஓடும் தம்பி. பயப்பிடாதேங்கோ."

பற்றரியில் 36 வோல்ற், 10 அம்பியர் மணி என்று எழுதியிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 360 வோட் மணி. இதுதான் தாங்கியில் உள்ள 'பெற்றோல்'. மிதித்துக்கொண்டு ஓட்டினால் ஒரு கிலோமீற்றருக்கு 10 முதல் 12 வோட் மணி போகும். மிதிக்காமல் கைமுறுக்கியால் மட்டும் ஓட்டினால் 15 முதல் 20. ஆகவே 360 வோட் மணியில் மிதித்தால் 30 முதல் 36 கிலோமீற்றர், மிதிக்காவிட்டால் 20 சொச்சம். அறுபது எழுபது என்பது இலேசான ஆள், காற்றில்லாத நாள், மிகக் குறைந்த உதவி நிலை என்ற கணக்கு. சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்திலோ புங்குடுதீவு வீதியிலோ காற்றுக்கு எதிரே போனால் அந்தக் கணக்குப் பறந்துவிடும். உங்களுக்குத் தினமும் போய்வரத் தேவையான தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஓடக்கூடிய பற்றரியை வாங்குங்கள். அதற்கு மேல் வாங்கினால் எடையைச் சுமப்பீர்கள்.

காசுக் கணக்கு

மின்சாரச் செலவு மிகக் குறைவு என்பது உண்மை. 360 வோட் மணிப் பற்றரியை நிரப்ப, சார்ஜரில் போகும் இழப்பையும் சேர்த்து அரை அலகுக்கும் குறைவு. ஒரு அலகு 50 ரூபாய் என்று கூடுதலாக வைத்தாலும் 25 ரூபாய்க்குள் 30 கிலோமீற்றர். அதே தூரத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினால், பெற்றோல் 300 ரூபாய் என்ற கணக்கில் 200 ரூபாய் வரும். விளம்பரம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

நாம் நிற்கக்கூடாது. பற்றரி தேயும் பொருள். சாதாரண லித்தியம் பற்றரி 500 முறை அளவில் முழுமையாக நிரப்பி வெறுமையாக்கிய பிறகு கொள்ளளவில் குறிப்பிடத்தக்க பங்கை இழந்திருக்கும். 500 முறை, 30 கிலோமீற்றர் என்றால் 15,000 கிலோமீற்றர். புதிய பற்றரிக்குக் கடைக்காரர் 75,000 ரூபாய் சொன்னால், கிலோமீற்றருக்கு 5 ரூபாய். அதாவது 30 கிலோமீற்றருக்கு 150 ரூபாய் பற்றரித் தேய்மானம். மின்சாரத்தையும் சேர்த்தால் 175. மோட்டார் சைக்கிளின் பெற்றோல் செலவுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டது அல்லவா?

இதனால் மின்சைக்கிள் வீண் என்று சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு என்ஜின் எண்ணெய், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் உண்டு. மேலும் அக்காவைப் போன்றவர்களுக்கு ஒப்பிட வேண்டியது மோட்டார் சைக்கிளை அல்ல, முச்சக்கரவண்டியை அல்லது போகாமல் விடுவதை. ஆனால் வாங்கும்போதே புதிய பற்றரியின் விலையையும் அது கிடைக்குமா என்பதையும் கேட்காமல் காசைக் கொடுக்காதீர்கள். அந்த வண்டிக்கென்றே வடிவமைத்த பற்றரி என்றால், இறக்குமதியாளர் கடையை மூடினால் உங்கள் வண்டியும் முடிந்தது. பொதுவான வடிவப் பற்றரியும், வேறு கொன்ட்ரோலர் மாற்றக்கூடிய இணைப்பும் உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள்.

ஈய அமிலப் பற்றரி போட்ட வண்டி விலை குறைவாக இருக்கும். 48 வோல்ற் வேண்டுமானால் நான்கு பற்றரி, ஒவ்வொன்றும் நான்கு கிலோவளவில். மொத்தம் 16 கிலோ. மடிப்பதன் பயனே போய்விடும். ஆயுளும் குறைவு. தேய்ந்த பிறகு எங்கே போடுவோம் என்பதும் கேள்வி. யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணக்கல். மேலே ஊற்றுவது கிணற்றுக்குள் இறங்கும். சுன்னாகம் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய் 2019 இல் இழப்பீட்டு உத்தரவில் முடிந்ததை நாம் மறக்கவில்லை. பழைய பற்றரியைத் திரும்ப எடுக்காத கடையில் வாங்குவது, அந்த விஷத்தை நாமே வீட்டு வளவுக்குள் கொண்டுவருவதுதான்.

நெருப்பு விடயத்தில் சிக்கனம் வேண்டாம்

நியூயோர்க் நகரில் 2023 இல் மட்டும் லித்தியம் பற்றரிகளால் 268 தீ விபத்துகள் நடந்து 18 பேர் இறந்தார்கள். பலர் உணவு விநியோகிக்கும் ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்புகளில் இருந்தவர்கள். மலிவான பற்றரி, பொருந்தாத சார்ஜர், வாசலை மறித்துச் சார்ஜ் போடுவது ஆகியவை அங்கே திரும்பத் திரும்பப் பேசப்பட்ட காரணங்கள். அந்த நகரம் இப்போது யூ.எல். 2849 என்ற பாதுகாப்புத் தரச் சான்று இல்லாத மின்சைக்கிளை விற்கத் தடை போட்டிருக்கிறது. ஐரோப்பியத் தரம் ஈ.என். 15194. இவற்றில் ஒன்றாவது வண்டியிலோ பற்றரியிலோ பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

36 வோல்ற் லித்தியம் பற்றரிக்கு 42 வோல்ற் சார்ஜர். 48 வோல்ற் என்றால் 54.6. பிளக் பொருந்துகிறது என்பதற்காக மற்றவர் சார்ஜரைப் போடக்கூடாது. படுக்கை அறையிலும் வெளியேறும் வாசலிலும் சார்ஜ் போடாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். கார்த்திகை வெள்ளத்தில் நனைந்த பற்றரி காய்ந்த பிறகு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். அதைத் திரும்பச் சார்ஜ் செய்யாமல் வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாமல் வைத்துவிடுங்கள்.

காரில் ஏற்றும் முறை

20 அங்குல மடிப்பு மின்சைக்கிள் மடித்தால் பெரும்பாலும் 90 சென்ரிமீற்றர் நீளம், 50 அகலம், 70 உயரம் வரும். எடை 18 முதல் 25 கிலோ. வாங்க முன் அளவு நாடாவோடு போங்கள். காரின் பின்பகுதி எவ்வளவு பெரியது என்பதைவிட, கதவு திறக்கும் வாயின் மிக ஒடுங்கிய இடம் எவ்வளவு என்பதுதான் முக்கியம். அல்ற்றோவில் பின்னிருக்கையைச் சாய்க்காமல் வைக்க முடியாது. என் மச்சானின் வாகன்-ஆரில் பின்னிருக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்த்தால் வண்டியும் ஏறும், பின்னால் ஒருவரும் இருக்கலாம்.

தூக்க முன் பற்றரியைக் கழற்றுங்கள். இரண்டரை, மூன்று கிலோ குறையும். செயினும் கியரும் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி பழைய சாறம் ஒன்றை விரித்துப் படுக்கவையுங்கள். பின்சக்கர மோட்டரின் வயர் அச்சருகே வெளியே வரும். அந்த இடத்தில் எடை விழுந்தால் வயர் வெட்டுப்படும், அதுவே இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் பழுதுகளில் ஒன்று. றபர் பட்டியால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். திடீரெனப் பிறேக் பிடித்தால் 20 கிலோ இரும்பு முன்னிருக்கையில் இருப்பவரின் முதுகில் வந்து மோதும்.

பற்றரியை ஒரு துணிப் பையில் தனியே, முன்னிருக்கைக்குப் பின்னால் நிழலான தரையில் வையுங்கள். சாவிக்கொத்து, சில்லறை எதுவும் அந்தப் பையில் வேண்டாம். ஏ9 வீதியில் மதியம் சாப்பிட நிறுத்தும்போது மூடிய காருக்குள் பற்றரியை விட்டுப் போகாதீர்கள். வெயிலில் மூடிய காரின் வெப்பம் பற்றரியின் ஆயுளைத் தின்னும். வெயிலில் சூடான பற்றரியை ஆறவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும். பின்கதவில் தொங்கவிடும் சைக்கிள் தாங்கிகளில் பல சாதாரண சைக்கிளின் 15 கிலோ அளவுக்குச் செய்தவை. அவை இலக்கத்தகட்டையும் பின்விளக்கையும் மறைத்துப் பொலிஸாரிடம் தண்டம் கட்டவும் வைக்கும். கூரைமேல் ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், மழை பெய்தால் திரையும் வயரும் நனையும். உள்ளே வைப்பதே நல்லது.

தூக்குவது யார் என்ற கேள்வியையும் வாங்கும்போதே கேளுங்கள். அக்காவால் 20 கிலோவைக் காருக்குள் தூக்க முடியாது. ஆனால் பற்றரியைக் கழற்றி, முன்சக்கரத்தை முதலில் விளிம்பில் சாய்த்து வைத்து, பின்பக்கத்தைத் தள்ளி ஏற்ற அவரால் முடியும். அதைக் கடை வாசலிலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் அவர் சொன்னார்: "சரி தம்பி, இது எனக்குக் காணும்." மற்றவர் வந்து தூக்கித்தர வேண்டிய வண்டி என்றால் அவருக்கு அது இன்னொரு தங்கிவாழ்தல்.

வெளிநாட்டில் உள்ள உறவுகளுக்கு

"ஊருக்கு வரேக்க ஒண்டு கொண்டு வாறன்" என்று சொல்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பயணிகள் விமானத்தில் 160 வோட் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணப்பையிலோ கைப்பையிலோ கொண்டுவர அனுமதி இல்லை. மின்சைக்கிள் பற்றரி அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கப்பலில் அனுப்பும் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே மறைத்து வைப்பது, அந்தக் கொள்கலனில் உள்ள எல்லாருடைய பெட்டிக்கும் ஆபத்து. பற்றரி இல்லாத வண்டியை அனுப்பினால், அதற்குப் பொருந்தும் பற்றரியை இங்கே தேடி அலைய வேண்டும். காசை அனுப்பி, இங்கேயே பற்றுச்சீட்டோடும் உத்தரவாதத்தோடும் வாங்குவது நல்லது.

உதவி அமைப்புகளுக்கும் ஒரு சொல். சைக்கிள் கையளித்து, படம் எடுத்து, பதாகை பிடிப்பதோடு மின்சைக்கிள் உதவி முடியாது. மூன்று ஆண்டுக்குப் பிறகு பற்றரி போகும். அப்போது புதியதுக்குக் காசில்லாத வீட்டில் அந்த வண்டி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பத்து வண்டி கொடுக்கும் காசில் ஏழு வண்டி கொடுத்து, மீதியை அந்த ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ பற்றரி நிதியாகப் போட்டால், உதவி உதவியாக நிற்கும்.

கடன் என்ற குழி

தவணைக்கு மின்சைக்கிள் கொடுக்கும் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. இங்கேதான் எனக்குப் பெரிய பயம். நுண்நிதிக் கடன் எமது பெண்களை என்ன செய்தது என்பதைக் கண்டோம். கிழமைக் கட்டுக்காசுக்காக இன்னொரு கடன், அதற்காக இன்னொன்று. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. மின்சைக்கிளில் இந்த ஆபத்து இன்னொரு வடிவம் எடுக்கும்: கடன் முடிய முன்பே பற்றரி முடியலாம். ஓடாத வண்டிக்குக் கட்டுக்காசு கட்டும் நிலை அது. தவணைக் காலம் பற்றரி உத்தரவாதக் காலத்தைவிட நீளமாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கடன்தான் வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கத்தை முதலில் கேளுங்கள்.

பதிவு விடயமும் அப்படித்தான். "இதுக்கு நம்பர் தேவையில்லை" என்று விற்பவர் வாயால் சொன்னால், அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். மோட்டர் வலு, உச்ச வேகம், பற்றரி அளவு, சட்டக இலக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எமது ஊர்களில் சோதனைச் சாவடி குறைந்தாலும் வீதியில் மறித்துக் கேள்வி கேட்பது ஓயவில்லை. கையில் கடதாசி இருக்க வேண்டும் என்பது எமக்குப் பழகிய பாடம்.

கேட்க வேண்டியவை

இத்தனை அவதானத்தையும் ஒரு தனி ஆளிடம், அதுவும் கால் இழந்த ஒருவரிடம், எதிர்பார்ப்பதே நியாயமற்றது. அரசும் மாகாண நிர்வாகமும் செய்யக்கூடியவை இருக்கின்றன, அவற்றில் பல பெருஞ்செலவு இல்லாதவை.

வலுவிழந்தோருக்கான உதவு சாதனங்களில் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் மின்சைக்கிளையும் மின் முச்சக்கரச் சைக்கிளையும் சேர்க்க வேண்டும். குறைவலு மின்சைக்கிளுக்குத் தெளிவான, எல்லா மொழியிலும் எழுதப்பட்ட விதி பொலிஸ் நிலையம் வரை போய்ச்சேர வேண்டும். இறக்குமதியாகும் பற்றரிக்குத் தரச்சான்றும், பழையதைத் திரும்ப எடுக்கும் பொறுப்பும் இறக்குமதியாளரின் தலையில் இருக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் கொன்ட்ரோலர், பற்றரி திருத்தும் பாடநெறி வைத்தால் ஊர் இளைஞருக்குத் தொழிலும் ஆகும். மன்னாரில் காற்றாலைகள் சுழல்கின்றன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் காற்று, சூரிய மின்திட்டம் ஒப்பந்தமாகியிருக்கிறது. எமது காற்றிலும் வெயிலிலும் பிறக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கு, பிரதேச செயலக வளவிலும் வைத்தியசாலை வளவிலும் ஒரு பாதுகாப்பான சார்ஜ் போடும் கொட்டிலாகத் திரும்பி வரக்கூடாதா?

பெற்றோல் இல்லாமல் வாழ எமக்குத் தடை கற்றுக்கொடுத்தது. அப்போது வேறு வழி இருக்கவில்லை. இப்போது வழி இருக்கிறது. அந்த வழி யாருக்காகத் திறக்கப்படும் என்பதுதான் கேள்வி. கொழும்பில் இரண்டாவது கார் வாங்குபவருக்கு வரி எவ்வளவு குறையும் என்று நாடாளுமன்றத்தில் கணக்குப் போடும்போது, புதுக்குடியிருப்பின் ஒரு குறுக்கு வீதியிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரையான நான்கு கிலோமீற்றரையும் அந்தக் கணக்கில் சேர்க்கும்படி எமது பிரதிநிதிகளிடம் நாம் கேட்க வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.